ஈரக்குலை நோவு

வயிற்றைத் திறந்து ஈரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்த பிறகும் உயிரோடு நடமாடுகிறவள் என்று என்னைப் பார்க்க வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆண்கள் என் கணவரிடம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். பெண்கள் கதவைச் சாத்திவிட்டுத் தழும்பைக் காட்டச் சொல்கிறார்கள். காட்டிக் காட்டி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன். இனி வருகிறவர்களுக்கு இதை வாசிக்கக் கொடுக்கலாம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு மட்டும் தழும்பு.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் இது நடந்தது. என் பெயர் ஞானப்பூ. சேரன்மகாதேவியில் மிஷன் பெண்கள் பள்ளியில் உபாத்தியாயினியாக இருக்கிறேன். என் கணவர் வேதமாணிக்கம் அங்கேயே ரிஜிஸ்தர் கச்சேரியில் குமாஸ்தா. எங்களுக்கு ஒரே பிள்ளை, தாசன். அதற்கு மூன்று வருஷம் முன்னால், அவனுக்கு ஆறு வயசில், ஊரெல்லாம் வாந்திபேதி வந்தபோது போய்விட்டான். காலையில் பள்ளிக்கு வந்தவன் மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் இருந்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியாது.

அவன் போன சில மாதத்தில் எனக்கு வலி தொடங்கியது. நெஞ்சுக்குழிக்குக் கீழே யாரோ கையை உள்ளே விட்டு எதையோ பிடித்துக் கீழே இழுப்பது போல் இருக்கும். வகுப்பில் நின்றுகொண்டிருக்கும்போது வரும். சோற்றில் கை வைத்தால் வரும். யாராவது என்ன செய்கிறது என்று கேட்டால் நான் சொன்னது ஒரே வார்த்தைதான்: "ஈரக்குலையைப் பிடிச்சு இழுக்கு."

நம்முடைய ஊரில் பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஈரக்குலை என்று சொன்னால் அதற்கு வைத்தியரை யார் கூப்பிடுவார்கள்? கேட்டவர்கள் எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "பெத்த வயிறுல்லா" என்றார்கள். குருவானவர் வந்து ஜெபம் பண்ணினார். பள்ளியில் பெரிய வகுப்புகளை என் தலையிலிருந்து இறக்கினார்கள். என் கணவரோ நான் அந்த வார்த்தையைச் சொன்ன உடனே எழுந்து வெளியே போய்விடுவார். அவர் பிள்ளையின் பெயரைக்கூட வாயில் எடுப்பதில்லை. அப்படிப் போகிறவரைப் பார்த்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆனால் எல்லோரும் சொன்னதைத்தான் நானும் நம்பினேன். துக்கம் என்றால் இப்படித்தான் வலிக்கும் போலிருக்கிறது, இதற்கு முன் எனக்குத் தெரியாமல் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. பிறகு எனக்குச் சாப்பாடு செல்லாமல் குமட்டத் தொடங்கியது. மாதக்கணக்கும் தள்ளிப் போனது. வயிறு மேலே பொம்மென்று தெரிந்தது. அடுத்த வீட்டுப் பாக்கியத்தக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். கிணற்றடியில் என்னை நிறுத்தி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏளா ஞானப்பூ! எடுத்தவரே திரும்பக் குடுக்காரு. நீ இதுகூடத் தெரியாம இருக்கியேளா" என்று அங்கேயே அழுதாள்.

எனக்கு ஆசை வந்துவிட்டது, அதுதான் விஷயம். அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் விளக்குத் திரியை ஏற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் கச்சேரிக்கு லீவு சொல்லிவிட்டு என்னைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனார். அங்கே மிஷன் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. ரயிலை விட்டு இறங்கி வண்டி பிடித்தோம். ஆற்றுப் பாலம் தாண்டும் வரையில் அவர் வண்டிக்காரரை விடவில்லை. "பைய ஓட்டும் வே. அங்கன பள்ளம் கெடக்கு, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அத்தனை பேசி நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு வெள்ளைக்காரப் பெண். நடுத்தர வயசு, நெட்டையான உருவம். எங்கள் பக்கம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். அகராதியையும் வேதபுஸ்தகத்தையும் கலந்து பேசுவார். பிரசவ வலியில் கத்துகிறவர்களிடம்கூட "அம்மா, சற்றே பொறுமையாயிரும்" என்பார். மருத்துவச்சிகள் அவருக்குப் பின்னால் நின்று சிரிப்பார்கள். நானும் முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் படுத்தேன்.

"எவ்விடத்தில் நோகிறது?" என்று கேட்டார்.

கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிப் பழகின வாய்தானே. "ஈரக்குலை நோவுதும்மா" என்றேன்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் மேரியம்மாள் நம்முடைய ஊர்க்காரி. அவள் முகம் உடனே வாடிவிட்டது. "பிள்ளையப் பறிகுடுத்தவங்கம்மா, அதான் அப்படிச் சொல்லுதாங்க" என்று டாக்டரிடம் மெதுவாக எடுத்துச் சொன்னாள்.

டாக்டரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஈரல் நோகிறது என்று சொல்லுகிறாள். ஆகையால் நான் ஈரலைப் பார்க்கிறேன்" என்றார்.

பார்த்தார். விலா எலும்பின் ஓரத்தில் விரலை வைத்து அழுத்தினார். ஒரு கையை வைத்து இன்னொரு கையின் விரலால் தட்டித் தட்டி, தேங்காய் வாங்குகிறவர்கள் மாதிரி சத்தம் கேட்டார். வெகு நேரம் பார்த்தார். தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரும் இரண்டு வருஷமாக என் வார்த்தையைக் கேட்டுக் கண்ணீர் விட்டார்கள். தமிழ் சரியாக வராத ஒருவர் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் கையை வைத்தார்.

பிறகு என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "நீர் கர்ப்பவதி அல்ல" என்றார். ஈரலின் இடது ஓரத்தில் ஒரு கட்டி இருக்கிறது, அதுதான் வயிற்றைத் தள்ளுகிறது என்றார். எனக்குக் கட்டி என்ற வார்த்தை காதில் ஏறவே இல்லை. முதல் வார்த்தையோடு நின்றுவிட்டேன். வெளியே வேப்ப மரத்தடியில் என் கணவர் மேல்துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றார். "பிள்ளை இல்லையாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

அன்றே என்னைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். அது பிள்ளை பெறுகிறவர்களின் ஆஸ்பத்திரி. எனக்கென்று தனி இடம் ஏது? ஒரு பக்கம் களக்காட்டுப் பெண் ஒருத்தி பெற்று நாலு நாள் ஆன குழந்தையோடு கிடந்தாள். இன்னொரு பக்கம் வலி எடுத்துக் காத்திருக்கிறவள். பார்க்க வருகிறவர்கள் கருப்பட்டியும் பேறுகால மருந்தான காயமும் மணக்க வருவார்கள். எனக்கு என்ன பிள்ளை பிறந்தது என்று கேட்பார்கள். கட்டி என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. குழந்தைகள் அழும்போதெல்லாம் எனக்குள் அந்தப் பழைய இழுப்பு வரும். டாக்டர் சொன்னது பொய் என்றுதான் அப்போது தோன்றும்.

டாக்டரம்மா விடாமல் கேள்வி கேட்டார். சீதபேதி வந்ததுண்டா? விட்டு விட்டுக் காய்ச்சல் உண்டா? அதெல்லாம் இருந்தால் ஈரலில் சீழ்க்கட்டி என்று வைத்துக்கொள்ளலாமாம். இல்லை என்றேன். "மதுபானம் அருந்துவதுண்டோ?" என்று கேட்டார். உபதேசியார் மகளை, ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவளைப் பார்த்து! மேரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கோபித்துக்கொள்ளாதே, குடிக்கிறவர்களுடைய ஈரல் காய்ந்து கெட்டியாகிவிடும், அதை வெட்டினால் பிழைப்பது கஷ்டம், ஆகையால் எல்லோரிடமும் கேட்பேன் என்றார். நாடியைப் பார்த்தார். இருதயத்தில் குழல் வைத்துக் கேட்டார். விரல் நுனியில் குத்தி ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்து கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "உமது வீட்டில் நாய் உண்டோ?"

உண்டு. சிப்பாய் என்று பெயர். ஆற்றங்கரை ஆட்டுக்கிடையிலிருந்து தாசன் நாலு வயசில் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்த குட்டி. அவன் அதோடுதான் தின்றான், அதோடுதான் புரண்டான். அவன் போன பிறகு அது என் கால்மாட்டில் படுத்துக்கொண்டது. என் தட்டில் மிஞ்சினதை என் கையாலேயே ஊட்டுவேன். கையை நக்கும். அந்த ஈரம் காயும் வரை கையைத் துடைக்க எனக்கு மனம் வராது.

டாக்டரம்மா சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கிடை நாய்கள் செத்த ஆட்டின் ஈரலையும் குடலையும் தின்னும். அதிலிருந்து ஒரு சின்னப் புழு நாயின் குடலில் குடியேறும். அதன் முட்டை தூசியை விடப் பொடி. நாயின் ரோமத்தில் ஒட்டியிருக்கும். தடவின கையால் மனுஷர் சாப்பிட்டால் உள்ளே போய் ஈரலில் தங்கிவிடும். தங்கின இடத்தில் ஒரு தண்ணீர்ப் பை ஊதும். வெகு மெதுவாக, வருஷக்கணக்கில் ஊதும். அப்படியானால் என் கட்டி என் துக்கத்தை விட மூத்ததாக இருக்கலாம். அவன் அந்த நாயைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் சிரித்துப் புரண்ட நாளிலேயே அது எனக்குள் வந்திருக்கலாம்.

"இதை வெட்டி எடுக்க வேண்டும்" என்றார் டாக்டரம்மா.

"வேண்டாம்மா. நான் வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

பயம் இல்லாமல் இல்லை. வயிற்றை அறுப்பது என்றால் யாருக்குக் குலை நடுங்காது? ஆனால் பயம் மட்டும் அல்ல. அவன் விட்டுப் போனதில் என்னிடம் மிச்சம் இருந்தது அந்த வலி ஒன்றுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டேன். "அது என் பிள்ளைக் கவலைம்மா. அதை எப்படி வெட்டுவீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "உமது கரத்தைத் தாரும்" என்று என் கையைப் பிடித்து என் வயிற்றிலேயே வைத்து அழுத்தினார். உருண்டையாக, வழவழப்பாக ஒரு விளிம்பு விரலில் தட்டியது. மூச்சு இழுத்தால் கீழே இறங்கியது, விட்டால் மேலே ஏறியது. "கவலையைக் கையால் தொட இயலாது. இதைத் தொடுகிறீர்" என்றார்.

பிறகு எனக்கும் என் கணவருக்கும் சேர்த்து விளக்கினார். எங்களுக்குப் புரிவதற்காக மேரியம்மாள் எங்கிருந்தோ ஒரு நுங்கு வாங்கி வந்து வைத்திருந்தாள். கட்டி இந்த நுங்குக் கண் மாதிரி, உள்ளே தெளிந்த தண்ணீர். இதற்கு மூன்று வழி உண்டு. ஊசியால் குத்தித் தண்ணீரை எடுக்கலாம். ஆனால் ஒரு சொட்டு வயிற்றுக்குள் சிந்தினாலும் அந்த இடமெல்லாம் புதுக்கட்டி முளைக்கும், சிலருக்கு அப்போதே உயிர் போகும். இரண்டாவது, வயிற்றைத் திறந்து பையை வயிற்றுத் தோலோடு சேர்த்துத் தைத்து, துவாரம் விட்டு, மாதக்கணக்கில் வடியவிடலாம். மூன்றாவது, நுங்கை உடையாமல் நோண்டி எடுக்கிற மாதிரி, ஈரலின் ஓரத்தையும் சேர்த்துப் பையை முழுசாக வெட்டி எடுத்துவிடலாம். கட்டி பின்பக்கம் மேலே இருந்திருந்தால் விலா எலும்பை அறுத்துப் போக வேண்டியிருக்கும், அப்போது இதை நினைக்கவே முடியாது. எனக்கு முன்பக்கம், ஓரத்தில், எட்டுகிற இடத்தில் இருந்தது. எனக்கு வயசும் கூட இல்லை, காய்ச்சலும் இல்லை, குடியும் இல்லை. அதனால் மூன்றாவதைச் செய்யலாம் என்றார்.

"ஆபத்து எதில?" என்று கேட்டார் என் கணவர்.

"ரத்தத்தில்" என்றார் டாக்டரம்மா. ஈரல் முழுக்க ரத்தம். நூல் போட்டு இறுக்கினால் கட்டித் தயிரைப் போல அறுந்துகொண்டு வரும். ரத்தம் நிற்காவிட்டால் மேஜையிலேயே உயிர் போய்விடலாம் என்று ஒளிக்காமல் சொன்னார். வெட்டாமல் விட்டால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு, தெரியாது, ஒரு நாள் கால் தடுக்கி விழுந்தால்கூட அது உடையலாம் என்றார்.

அன்று என் கணவர் ஊருக்குத் திரும்பவில்லை. பார்வை நேரம் முடிகிற வரையில் என் கட்டிலண்டை நின்றார். என் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. எனக்குக் கையைத் தூக்க முடியவில்லை. களக்காட்டுப் பெண்ணிடம் சீப்பைக் கடன் வாங்கி, அத்தனை பெண்கள் பார்த்திருக்க, குமாஸ்தா வேதமாணிக்கம் என் தலையை வாரினார். வாரத் தெரியவில்லை. பாதி முடி சீப்போடு வந்தது. "ஏளா, வலிச்சா சொல்லு" என்றார். வார்டு முழுக்கச் சிரித்தது. அவர் காது சிவந்துபோனாலும் விடாமல் பின்னி முடித்தார். பின்னலை முதுகில் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, "வெட்டட்டும். ஒன்னையும் பறிகுடுக்க என்னால முடியாது" என்றார்.

ஒன்னையும் என்றார். அந்த ஒரு 'உம்'மில்தான் மூன்று வருஷமாக அவர் வாயில் வராத பிள்ளை இருந்தான். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

தெற்கேயிருந்து இன்னொரு மிஷன் டாக்டர் உதவிக்கு வர வேண்டியிருந்தது. அவர் வருகிற வரையில் எனக்குப் பாலும் முட்டையும் கொடுத்து உடம்பைத் தேற்றினார்கள். பாக்கியத்தக்கா கேள்விப்பட்டு ரயிலேறி வந்தாள். மூடி போட்ட தூக்கில் ஆட்டீரல் வறுவல். "ஈரல அறுக்கப் போறாகன்னா ஈரலு வளர வேண்டாமாளா? தின்னு" என்று மூடியைத் திறந்தாள். மிளகு வாசனை வார்டெல்லாம் பரவியது. எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. களக்காட்டுப் பெண் மனமாரச் சாப்பிட்டாள்.

ரணசிகிச்சை அன்று காலையில் மேஜையைச் சுற்றி நின்று ஜெபம் பண்ணினார்கள். மூக்கில் வலைத்துணி மூடியை வைத்து மருந்தைச் சொட்டினார்கள். அழுகின பழம் மாதிரி ஒரு தித்திப்பு வாசனை. மூச்சு முட்டியது. எழுந்து ஓட வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது, ஓடினதாக ஞாபகம் இல்லை.

மீதியை மேரியம்மாள்தான் பிற்பாடு சொன்னாள். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் பக்கம் வரை திறந்தார்கள். சுற்றிலும் ஈரத்துணியை அடைத்தார்கள், பை உடைந்தாலும் உள்ளே சிந்தாமல் இருக்க. ஈரலுக்கு ரத்தம் போகிற குழாய்க் கொத்தை வந்திருந்த டாக்டர் இரண்டு விரலால் நெரித்துப் பிடித்துக்கொண்டார். நம்முடைய டாக்டரம்மா முனை மழுங்கிய ஊசியில் ஆட்டுக்குடல் நூலைக் கோத்து, ஓரத்தில் வரிசையாகத் தையல் போட்டு, மெத்தை தைக்கிறவர்களைப் போல் மெல்ல இறுக்கி, அதற்கு வெளியே வெட்டினார். ஒரு இடத்தில் நூல் அறுத்துக்கொண்டது. "அம்மா கை முழங்கை மட்டும் ரத்தம். நான் முடிஞ்சி போச்சின்னுல்லா நெனச்சேன்" என்றாள் மேரியம்மாள். அந்த இடத்தில் துணியை அடைத்து, கையால் அழுத்திப் பிடித்தபடியே நின்றார்களாம். வெளியே என் கணவருக்குச் சொல்லி அனுப்ப ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. ரத்தம் நின்றது. பை உடையவில்லை.

பிழைத்தேன் என்று எழுதிவிடலாம், ஆனால் அடுத்த நாட்களில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீர் கேட்டால் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினார்கள். இருமினால் உயிர் போய் வந்தது. காய்ச்சல் ஏறியது. அடைத்திருந்த துணியை உருவின அன்று நான் போட்ட சத்தத்தில் பச்சைக் குழந்தைகளெல்லாம் சேர்ந்து அழுதன. பிறகு வயிற்றில் ஒரு ரப்பர்க் குழாய் வழியாக மஞ்சளாகப் பித்தநீர் வடிந்துகொண்டே இருந்தது. அது நிற்குமா நிற்காதா என்று டாக்டரம்மா தினமும் கட்டை அவிழ்த்துப் பார்ப்பார். அவர் முகத்தைத்தான் நான் பார்ப்பேன். ஒரு நாள் கட்டுத்துணி வெள்ளையாகவே வந்தது. அன்றைக்கு அவர் முன்ஷியின் தமிழை மறந்து இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

எனக்குள் இருந்ததை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கிப் பார்த்தேன். வெள்ளையாக, சிறு தேங்காய் அளவு, அதன் ஓரத்தில் கறுத்த ஈரல் ஒரு விளிம்பு. அதில் ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர்தான் இருந்தது. என் கணவர் பார்க்க மாட்டேன் என்று திரும்பிக்கொண்டார்.

நாயைப் பற்றி நான் கேட்கவே பயந்துகொண்டிருந்தேன். அவராகவே சொன்னார். "டாக்டரம்மா புழு மருந்து குடுத்தாக, குடுத்துட்டேன். கிணத்தடியில கட்டிப் போட்டிருக்கேன். ஊர்ல கொல்லச் சொன்னாக. முடியாதுன்னுட்டேன்."

வீட்டுக்கு வந்த பிறகு கூட்டம் வந்தது. பாக்கியத்தக்காதான் எல்லோருக்கும் கதை சொல்கிறவள். "கட்டியாம்லா! நாம என்னமோ பிள்ளைக் கவலைன்னுல்லா இருந்தோம். எல்லாம் வெட்டி எடுத்தாச்சு. இனி ஒண்ணுமில்ல" என்பாள். எல்லோருக்கும் ஒரு பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சந்தோஷமாகக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்கள். பள்ளியில் பெரிய வகுப்புகளைத் திரும்பக் கொடுத்தார்கள். தாசனைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அவனையும் வெட்டி எடுத்து ஜாடியில் போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டார்கள் போலும்.

வலி நிஜமாகவே போய்விட்டது. டாக்டரம்மாவுக்கு நான் சாகும் வரை கடமைப்பட்டவள். ஆனால் அதுவரை எனக்கு அவன் ஞாபகம் வந்தால் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோருக்கும் புரியும். இப்போது ஞாபகம் வந்தால் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்து, அடுப்பங்கரை வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் வந்துவிட்டார். முகம் வெளிறிப்போய், "என்னளா? திரும்ப வலிக்கா? வண்டி சொல்லட்டா?" என்றார்.

"வலிக்கல" என்றேன்.

"பின்ன ஏன் அழுத?"

"தாசன நெனச்சு."

எழுந்து வெளியே போவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்தார், மடித்தார், மறுபடியும் பிரித்தார். பிறகு சொன்னார்: "மூணு வருசமா ஒனக்கு வலிக்கு, வலிக்குன்னாக. எனக்கு எங்கன வலிக்குன்னு ஒருத்தரும் கேக்கலையே, ஞானப்பூ."

படியில் நகர்ந்து அவர் உட்கார இடம் விட்டேன்.